கோசோங் அண்ணனின் பாதங்கள்

இனிப்புநீர் நோயை ஏமாற்றுவதில் கோசோங் அண்ணனை மிஞ்ச எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்தில் ஆளே கிடையாது. சாப்பாட்டுக் கடையில் நுழைந்ததும், "தே ஓ கோசோங்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சீனியில்லாத தேநீர் கேட்பார்; பட்டப்பெயரே அதில் வந்ததுதான். பிறகு பரோட்டா போன்ற ரொட்டிச் சானாயின் மேல் கெட்டிப்பாலைத் தாராளமாக ஊற்றிக்கொள்வார். "தண்ணியில சீனி இல்லல்ல சார்? அப்புறம் என்னா?" என்பார் என்னிடம்.

கிளினிக் நாள் நெருங்கினால் மட்டும் பாகற்காயும் பட்டினியும். ஒருமுறை அங்கே ரத்தம் எடுத்த தாதி மிஸ்ஸி சிரித்துவிட்டார். "அங்கிள், இந்த டெஸ்ட்ல மூணு மாசத்துச் சீனியும் தெரியும்."

"அலமாக்! ரத்தம்கூடவா போட்டுக் கொடுக்கும்?"

ஒருநாள் கோயிலுக்கு ஒற்றைச் செருப்போடு வந்தார். மற்றது வழியில் கழன்றது அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் சிரித்திருக்கக் கூடாது. எனக்கும் அதே நோய்தான். வருடக்கணக்கில் சீனி கூடியே இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும், ரத்த ஓட்டம் குறையும், புண் வலிக்காது, ஆறவும் ஆறாது. தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலில் நடக்கக் கூடாது. பள்ளியில் அறிவியல் கற்பித்த எனக்கு இதெல்லாம் தெரியும்.

ஆனால் தீமிதித் திருவிழாவில் மைக் பிடிப்பவனும் நான்தான். மற்றவர்கள் ஓடிக் கடக்கும் நெருப்பில் அண்ணன் உலாவுவார். அதைப் பார்க்கவே குளுவாங்கிலிருந்து கூட்டம் வரும். கடைசி வருடம் என்னிடம் மெல்லக் கேட்டார்: "சார், காலு கட்ட மாதிரி இருக்கு. இந்த வருசம் வேணாமா?"

"அம்மா பாத்துக்குவா. எறங்குங்கண்ணே."

இறங்கினார். நடுவில் நின்று, "ஏய் செல்வி, போட்டோ எடுத்தியா?" என்று மனைவியிடம் கேட்டார். "பாருங்கள், சூடே தெரியவில்லை!" என்று நான் முழங்கினேன்.

உள்ளங்காலில் வெந்த புண்ணை அவர் உணரவேயில்லை. நாற்றம் வந்த பிறகுதான் செல்வி அக்கா பார்த்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் சொன்னேன். "எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சேதான் எறங்கச் சொன்னேன்."

"மைக்ல நல்லாத்தான் பேசுனீங்க சார்," என்றார்.

இப்போது தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். தரையில் உட்கார்ந்து, அவருடைய இடது பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் பார்க்கிறேன். "படிச்சவரு போயி என் காலைத் தொடுறதா? விடுங்க லா," என்பார். விடுவதில்லை. அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பியதும், குளிர்ந்து கிடக்கும் அந்தப் பாதத்தை இரு கைகளாலும் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருப்பேன். அது அவருக்குத் தெரியாது.