கரடியின் சின்னக் கேமராவும் கழுதையின் பெரிய கேமராவும்

ஒரு காட்டில் மாசிலாமணி என்று ஒரு கரடி இருந்தது. கல்யாணங்களுக்குப் போட்டோ எடுத்துப் பிழைத்துவந்தது. கரடிக்கு எதற்குக் கேமரா என்று கேட்பவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம். இனிமேல் வருவது இதைவிட மோசம்.

பன்னிரண்டு வருடமாக அது வைத்திருந்தது ஒரு பெரிய கேமரா. முழங்கை நீளத்துக்கு லென்ஸ், தலையில் ஃப்ளாஷ். பித்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி விழுந்து ‘டபக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் காட்டில் யாருக்கும் போட்டோ எடுத்தாயிற்று என்று மனசு ஆறும். கேமராப் பட்டை உரசி உரசிக் கரடியின் பிடரியில் முடியே இல்லாமல் போயிருந்தது.

முடி போனால் போகட்டும். கழுத்து நிமிர மறுத்ததுதான் பெரிய சங்கடம். கரடிக்குக் கழுத்து எதற்கு? பெரிய மனிதர்கள் பேசும்போது தலையாட்டவா? தேன்கூடு மேலே தொங்குகிறது, அதை அண்ணாந்து பார்க்கத்தான். அந்த வருடம் தன் வீட்டு வேங்கை மரத்திலேயே தேனீக்கள் கூடு கட்டியிருந்ததை மாசிலாமணி இருபது நாள் பார்க்கவில்லை. யாரோ சொல்லித் தெரிந்தபோது கூடு காலியாக இருந்தது. அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது.

ஆந்தை வைத்தியர், தன் கழுத்து திரும்புகிற மாதிரி எல்லார் கழுத்தும் திரும்பும் என்ற நம்பிக்கையில் கரடியின் தலையைப் பின்பக்கம் திருப்பப் பார்த்தது. கரடி போட்ட கூச்சலில் பாதியிலேயே விட்டுவிட்டது. இன்னும் ஒரு முகூர்த்த சீசன் இந்தக் கேமராவைச் சுமந்தால் ஆயுசுக்கும் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், தேனை மறந்துவிடலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டது.

மாசிலாமணி நேராகக் கீரி ரத்தினவேலின் கேமரா கடைக்குப் போனது. கீரி ஒரு சின்னக் கேமராவை எடுத்து வைத்தது. இதற்கு மிரர்லெஸ் என்று பெயர், உள்ளே கண்ணாடியே கிடையாது, அதனால்தான் இத்தனை சிறிசு என்றது. கண்ணாடி இல்லை என்பதற்காக விலையில் ஏதாவது குறையுமா என்று கரடி கேட்டது. குறையாது, கூடும் என்றது கீரி. வியாபாரி என்றால் இப்படித்தான் முகம் மாறாமல் பதில் சொல்ல வேண்டும்.

கேமரா ஒரு விளாம்பழ கனம்தான் இருந்தது. கழுத்தில் மாட்டினால் மாட்டியதே தெரியவில்லை. எதிரில் யார் நின்றாலும் அவர்கள் கண்ணைத் தானாகத் தேடிப் பிடித்துக்கொண்டது. விலங்குக் கண், பறவைக் கண் என்று தனித்தனி வசதி. மனிதக் கண்ணுக்கும் ஒன்று இருந்தது, கரடி அதை உடனே அணைத்துவைத்தது. இருட்டான புதருக்குள்கூடப் படம் துல்லியமாக விழுந்தது. குறை என்று பார்த்தால் பாட்டரி சீக்கிரம் தீர்ந்தது. கரடி நகத்துக்கு ஒரே அழுத்தில் மூன்று பித்தான் அழுந்தி, ஒருமுறை கேமரா முழுவதும் ஜப்பானிய மொழிக்கு மாறி, திரும்பி வர இரண்டு நாள் ஆனது.

பத்தாவது நாள் கழுத்து நிமிர்ந்தது. கரடி சந்தோஷம் தாங்காமல் கீரி கடை வாசலில் இருந்த ‘வாங்கியவர் சொல்வது’ பலகையில் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘நான் மறுபடி வானத்தைப் பார்த்தேன்’ என்று எழுதிவிட்டு வந்தது.

அடுத்த வாரமே புள்ளிமான் வீட்டு ரிசப்ஷன். காட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மொய்க்கவரை நீட்டியபடி குடும்பம் குடும்பமாக மேடையேறுவார்கள். பொண்ணு மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ‘டபக்’ என்று சத்தம் வந்ததும் மூச்சை விட்டுவிட்டுப் பந்திக்கு ஓடுவார்கள். அன்றைக்கு முதலில் ஏறியது முள்ளம்பன்றிக் குடும்பம், பதினோரு பேர். மாசிலாமணி படம் எடுத்தது. நாலு படம். சத்தமே வரவில்லை. முள்ளம்பன்றிகள் சிரித்தபடியே நின்றன.

எடுத்தாச்சு, இறங்கலாம் என்று கரடி மரியாதையாகச் சொன்னது. எங்கே எடுத்தாய், ஒன்றும் கேட்கவில்லையே, எங்களைப் பார்த்தால் இளக்காரமா என்று பெரிய முள்ளம்பன்றி முள்ளை விரித்தது. பின்னால் வரிசை ஓடைக்கரை வரை நீண்டுவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கேமராக்காரர் எப்போது வருவார் என்று கேமராக்காரரிடமே விசாரித்தார்கள். கீரியைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, உள்ளே பொய்ச் சத்தம் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடு என்றது. போட்டால் ‘கிக்’ என்று சுண்டெலி விக்கல் மாதிரி வந்தது. மேடையில் இருந்தவர்கள் சுண்டெலியைத் தேடினார்கள். இட்லி ஆறிப்போய், சமையல்காரப் பன்றி கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. படங்கள் அத்தனையும் அருமையாக வந்திருந்தன. அதை யாரும் கேட்கவில்லை.

இந்தச் சேதி தெய்வானையின் காதுக்குப் போனது. தெய்வானை யானைக்கூட்டத்தின் தலைவி. அடுத்த முகூர்த்தத்தில் அதன் மகளுக்குக் கல்யாணம், மாசிலாமணிக்குத்தான் போட்டோ வேலை என்று பேசி வெற்றிலை மாற்றியிருந்தார்கள். அந்தக் காட்டில் யானை வீட்டுக் கல்யாணத்தை விட்டால் மற்ற வீட்டுக் கல்யாணமும் போய்விடும். தெய்வானை கரடியைக் கூப்பிட்டு அனுப்பியது.

யானைகளுக்கு ஒரு பழக்கம். பூசணிக்காயோ மாப்பிள்ளையோ, எதையும் துதிக்கையால் தூக்கி எடை பார்த்துத்தான் முடிவு செய்யும். தெய்வானை சின்னக் கேமராவைத் தூக்கியது. தூக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடி தூக்கியது.

“மாசிலாமணி, ஐந்நூறு பேர் மேடையேறப் போறாங்கப்பா. கேமராக்காரர் யாருன்னு கடைசி வரிசைக்கும் தெரியணும். பழசைக் கொண்டு வா. இல்லேன்னா போட்டோவுக்கு நரியைச் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்காதே.”

கரடி வீட்டுக்கு வந்து பழைய கேமராவை எடுத்து மாட்டியது. ஓடை வரை நடந்தது. பிடரியில் சுரீர் என்றது. கழற்றி ஒரு பாறைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தது. பழசை எடுத்தால் தேன் இல்லை. புதுசை எடுத்தால் சோறு இல்லை. கரடிக்குக் கேமரா மேல் வந்த கோபத்தைவிடக் காட்டின் மேல் வந்த கோபம் அதிகம்.

பாறைக்குப் பின்னால் சிங்காரம் புல் மேய்ந்துகொண்டிருந்தது. சிங்காரம் ஒரு கழுதை. ஊரில் வாஷிங் மெஷின் வந்த பிறகு வேலை போய், சுமக்க மூட்டை தேடிக் காட்டுப்பக்கம் ஒதுங்கியிருந்தது. நல்ல அகலமான கழுத்து. எப்போதும் எதையோ ஆழமாக யோசிப்பது போன்ற முகம். உள்ளே அப்படி ஒன்றும் ஓடாது, முகம் மட்டும் அப்படி.

கரடி பழைய கேமராவை அதன் கழுத்தில் மாட்டிப் பார்த்தது. இதெல்லாம் ஒரு கனமா என்றது சிங்காரம். பேச்சு சுருக்கமாக முடிந்தது. சிங்காரத்துக்கு முதல் பந்திச் சாப்பாடு. வேலை இவ்வளவுதான்: மேடைக்கு எதிரில் நடுவாக நிற்க வேண்டும், ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்ல வேண்டும், குளம்பால் பித்தானைத் தட்ட வேண்டும், ‘அடுத்து’ என்று சொல்ல வேண்டும். உள்ளே படம் பதிகிற கார்டே கிடையாது, அதனால் லென்ஸ் மூடியைக்கூடக் கழற்ற வேண்டாம் என்றது கரடி.

கல்யாணத்தன்று தெய்வானை சிங்காரத்தின் கழுத்திலிருந்த கேமராவைத் துதிக்கையால் தூக்கிப் பார்த்தது. முகம் மலர்ந்தது. காபி கொண்டுவரச் சொன்னது.

‘டபக்’ என்றால் ஒரு குடும்பம் இறங்கியது. ‘டபக்’ என்றால் அடுத்தது. ஐந்நூறு பேரும் லென்ஸ் மூடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். சிங்காரத்துக்குத் தைரியம் வந்து, வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி மாலையை மூன்று முறை மாற்றச் சொன்னது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று முறையும் பயபக்தியோடு மாற்றினார்கள்.

மாசிலாமணி ஓரத்தில் நின்று சின்னக் கேமராவில் எடுத்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மறைக்காதே என்று இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். யாரும் பார்க்காததால் யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை, எல்லார் முகமும் அவரவர் முகமாகவே இருந்தது. தாலி ஏறியதும் தெய்வானை மெல்லப் பந்தலுக்குப் பின்னால் போய், வாழை மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதது. கரடி பத்தடி தூரத்திலிருந்து அதை எடுத்தது. பழைய கேமராவாக இருந்தால் முதல் ‘டபக்’கிலேயே தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவியாகியிருக்கும். பன்னிரண்டு வருடத்தில் தான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று கரடிக்கு எடுக்கும்போதே தெரிந்தது.

ஆல்பம் போய்ச் சேர்ந்த மறுநாள் கரடிக்கும் கழுதைக்கும் அழைப்பு வந்தது. தெய்வானை அந்தப் படம் இருந்த பக்கத்தை மூடாமல் வைத்திருந்தது. அது ஈரமாக இருந்தது. ஒரு பொன்னாடையை எடுத்துச் சிங்காரத்துக்குப் போர்த்தியது.

“எங்கம்மா செத்ததுக்குக்கூட நான் யார் முன்னாலயும் அழுததில்லை. என் மனசு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?”

சிங்காரம் தன் ஆழமான முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, எல்லாம் கேமராவின் வேலை என்று சொல்லிக் கழுத்தில் தொங்கியதைத் தொட்டுக் கும்பிட்டது. மூடி அப்போதும் அதன் மேலேயே இருந்தது. மாசிலாமணி வாயைத் திறந்தது. உண்மையைச் சொன்னால் பெரிய கேமரா தன் கழுத்துக்குத் திரும்பி வரும் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டது. விடைபெறும்போது தெய்வானை சிங்காரத்தை மட்டும் தனியாக அழைத்தது. ஆனால் யானைக்கு ரகசியம் பேசத் தெரியாது.

“அடுத்த மாசம் என் தங்கச்சி மக கல்யாணம், நீங்கதான் வரணும். ஒண்ணே ஒண்ணு. அந்தக் கரடியைக் கொஞ்சம் தூரமா நிக்கச் சொல்லுங்க. பொம்மை மாதிரி எதையோ வெச்சுக்கிட்டுக் குறுக்க நெடுக்க ஓடுறதைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு.”

இப்போது ஓடைக்கரையில் ‘சிங்காரம் போட்டோஸ்’ என்று பலகை தொங்குகிறது. நரியே அங்கே உதவியாளர் வேலை கேட்டு வந்தது. அந்த வேலையில் ஏற்கெனவே ஒரு கரடி இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பலகை மாட்டி ஒரு மாதம் ஆனதும், கேமராவைப் பற்றிய அபிப்பிராயத்தில் மாற்றம் உண்டா என்று கேட்டுக் கீரி ரத்தினவேல் வந்தது. மாசிலாமணி வேங்கை மரத்தடியில் மல்லாந்து, புதிதாகக் கட்டியிருந்த தேன்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து எந்தப் பக்கமும் வலிக்கவில்லை. மற்ற இடம் கொஞ்சம் வலித்தது.

“ஒரு நட்சத்திரத்தைக் குறைச்சுக்கோங்க அண்ணே. பெட்டிக்குள்ள சார்ஜர் வெச்சீங்க, பட்டை வெச்சீங்க. கழுதையை நானே வாங்கிக்க வேண்டியதாப் போச்சு.”

நீதி: கழுத்து வலித்தால் எந்தக் கேமரா நல்லது என்று நாலு பேரிடம் விசாரிக்காதே. எந்தக் கழுதை சும்மா இருக்கிறது என்று விசாரி.