வீட்டுக்குச் சொன்ன விலை

படிவத்தில் மொத்தம் பதினேழு கட்டம். பதினாறைப் பல் டாக்டர் நிரப்பிவிட்டார். பதினேழாவதுக்கு மேலே பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு நோயாளி கால் மணி நேரமாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காரின் மதிப்பு.

கார் என்றால் ஏதோ ஒரு கார் இல்லை. முப்பத்தெட்டு வயசான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். உள்ளே இரண்டு பேர் உட்காரலாம். அவர்களை வெளியே எடுக்க மூன்று பேர் வேண்டும். டாக்டருக்கு அது உயிர். தும்மல் வந்தால்கூட அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பித்தான் தும்முவார்.

போன மாதம் டாக்டர் சேர்ந்திருக்கும் பழைய கார் சங்கத்தில் ஒருத்தருடைய கார் எரிந்து கரியாகிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் காரின் வயசைப் பார்த்தார்கள், தேய்மானத்தைக் கழித்தார்கள், மிச்சத்துக்கு ஒரு செக் அனுப்பினார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம். மணி தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு முதல் சங்கத்தில் ஒருத்தருக்கும் சோறு இறங்கவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜென்ட்தான் டாக்டருக்கு வழி சொன்னார். ஒத்துக்கொண்ட மதிப்பு என்று ஒரு பாலிசி இருக்கிறதாம். கார் இன்ன விலை பெறும் என்று இரண்டு தரப்பும் முன்கூட்டியே பேசிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அப்புறம் கார் திருடு போனாலும் சரி, எரிந்து போனாலும் சரி, தேய்மானம் கீய்மானம் என்று வாய் திறக்காமல் அந்தத் தொகையை அப்படியே கொடுத்துவிடுவார்கள்.

"வாங்கின விலையை எழுதுங்க டாக்டர், வேலை முடிஞ்சுது" என்றார் ஏஜென்ட்.

வேலை ஆரம்பித்ததே அங்கேதான்.

சங்கத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு காருக்கும் இரண்டு விலை. சங்கத்தில் சொல்வது ஒன்று, வீட்டில் சொல்வது ஒன்று. வீட்டில் சொல்லும்போது கடைசி சைபரை வாசலிலேயே செருப்போடு கழற்றி விட்டுவிட வேண்டும். அதற்குப் பெயர் பொய் இல்லை, குடும்ப அமைதி.

டாக்டர் அந்தக் காரைச் சங்கத் தலைவரிடம் நாலு லட்சம் கொடுத்து வாங்கியிருந்தார். வீட்டில் சொன்னது நாற்பதாயிரம். அந்தப் பணமோ, க்ளினிக்குக்குப் புது நாற்காலி வாங்குவதற்காக மனைவி ஆறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக் கொடுத்தது. மிச்சம் பாங்கில் பத்திரமாக இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பழைய நாற்காலி பல்லைப் பிடுங்கும்போது பாதியில் தானாகவே கீழே இறங்கும். நோயாளிகள் அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்கள். உண்மை தெரிந்தால் காரும் போகும், பதினைந்து வருஷ நம்பிக்கையும் போகும். டாக்டருக்கு அதை நினைத்தாலே தன் பல் எல்லாம் கூசியது.

இதில் இன்னொரு சிக்கல். கார் மனைவியின் பெயரில் இருந்தது. "உனக்காகத்தான் வாங்கினேன்" என்று சொல்லித்தான் அதை வாசல் கேட்டுக்குள்ளேயே விட முடிந்தது. ஆகவே கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்.

அவளோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருமல் மருந்து பாட்டிலின் பொடி எழுத்தையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் மூடியைத் திறப்பாள். அதற்குள் இருமல் நின்றிருக்கும்.

டாக்டர் ஒரு யோசனை பண்ணினார். பதினேழாவது கட்டத்தைக் காலியாக விட்டு, அவள் அவசரமாகக் கிளம்பும் நேரம் பார்த்துப் படிவத்தை நீட்டினார். அவள் பையைக் கீழே வைத்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். பொடி எழுத்தில் இரண்டு எழுத்துப் பிழை, ஒரு இடத்தில் கால்புள்ளி விட்டுப்போயிருந்தது. எல்லாவற்றையும் திருத்திவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்தாள்.

"இதை விட்டுட்டீங்களே" என்று சொல்லி, அழகான கையெழுத்தில் நாற்பதாயிரம் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

டாக்டர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜென்டிடம் ஓடினார். பக்கத்தில் ஒரு சைபர் போட முடியுமா என்று கேட்டார். போடலாம், ஆனால் திருத்தத்துக்குப் பக்கத்தில் உரிமையாளர் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஏஜென்ட்.

வேறு வழியில்லை. அன்று சாயங்காலம் டாக்டர் மனைவியிடம் பட்டும் படாமலும் சொன்னார். இந்த மாதிரிக் கார்களுக்கு இப்போது வெளியில் ஏக கிராக்கி, நாற்பதாயிரத்துக்கு வாங்கியது நாலு லட்சத்துக்குப் போகிறதாம்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது.

"அப்புறம் எதுக்குங்க இன்னும் வச்சிருக்கீங்க? வித்துடலாம். உங்க நாற்காலியை நல்லதா வாங்கிடலாம், பாவம் எத்தனை நாளைக்குத்தான் குனிஞ்சே நிப்பீங்க" என்றாள்.

நல்ல புத்தி இருந்திருந்தால் அவர் அங்கேயே சரி என்று சொல்லித் தலைமுழுகியிருக்கலாம். காரை நினைத்தார், வாய் வரவில்லை. அதற்குள் அவள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். அண்ணன் ஊரில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் விற்றுக் கொடுக்கிறவர். கால் மணியில் திரும்பக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ஆளு ரெடி. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர்றேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், நான் பேசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமைக்குள் காருக்கு நோய் வர வேண்டும். டாக்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, வருகிறவர் முன்னால் நாலைந்து குறை சொல்லச் சொன்னார். மெக்கானிக் பணத்தையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாலைந்து போதுமா என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை அவன் பானெட்டைத் திறந்தவன் மூடவே இல்லை. பிரேக்கில் ஆரம்பித்தான். தரையில் ஓட்டை, அதை மூடியிருப்பது பிஸ்கட் டின் தகரம், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது என்றான். ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனான். முப்பத்தொன்றில் நிறுத்தினான்.

"இன்னும் இருக்கு டாக்டர். பேப்பர் தீந்துபோச்சு."

வாங்க வந்தவர் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். மச்சான் வாசலோடு போய்விட்டார். டாக்டருக்கு ஒரே பூரிப்பு. இவ்வளவு நடிப்பு இந்த ஆளுக்குள் இருக்கிறதென்று தெரியாதே என்று நினைத்து, போகும்போது இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தார். மெக்கானிக் எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டான்.

பூரிப்பு திங்கட்கிழமை வரை இருந்தது.

மனைவி அந்தத் தாளை எடுத்துப் பிழை திருத்தி, வரிசை எண் போட்டு, அச்சகத்திலேயே சுத்தமாக அச்சடித்து, டாக்டர் மேஜையில் கிடந்த படிவத்தோடு சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். குறையை மறைத்தால் பாலிசி செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். "நல்லவேளை நான் படிச்சேன்" என்றாள்.

முப்பத்தொரு குறையைப் படித்த கம்பெனி அசந்துபோய் ஒரு மதிப்பீட்டாளரையே வீட்டுக்கு அனுப்பியது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து.

டாக்டர் தெருமுனையிலேயே போய் நின்றுகொண்டார். மதிப்பீட்டாளர் ஒல்லியான மனுஷர், கையில் ஒரு டார்ச். டாக்டர் அவரை ஓரமாக இழுத்துக் கெஞ்சினார். தொகையை எழுதி மூடிக் கொடுத்துவிடக் கூடாதா, மனைவி காதில் விழாமல்?

"உரிமையாளர் முன்னாடி வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும் சார். ரெண்டு பேரும் ஒத்துக்கணும்ல" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

வாசலில் மனைவி தண்ணீர் கொடுத்து வரவேற்றாள். கேட்காமலேயே, நாற்பதாயிரத்துக்கு வாங்கினோம் என்றும் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார். டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். இன்னும் அரை மணி நேரத்தில் இந்த ஆள் நாலு லட்சம் என்று வாசிக்கப் போகிறார். பக்கத்தில் இந்த மகராசி நின்று கேட்கப் போகிறாள். விலை ஏறிவிட்டது என்ற கதையை இனி அவிழ்த்துவிட முடியாது, வெளியில் மதிப்பே இல்லை என்று அவரே முப்பத்தொரு காரணம் காட்டியாயிற்று. அப்படியானால் நாலு லட்சம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்பாள். சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. இன்னொரு கதவில் வைத்தார். அதுவும் விழுந்தது.

"இரும்பு இல்லை. பசை வச்சு அடைச்சு மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றார்.

எத்தனையோ ஆயிரம் வாயில் எது பல், எது அடைப்பு என்று ஒரே பார்வையில் சொன்ன டாக்டர் குனிந்து கதவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மதிப்பீட்டாளர் காருக்கடியில் போய் வெகுநேரம் கழித்து வந்தார். சட்டையைத் தட்டிக்கொண்டு வாசித்தார். என்ஜின் ஏதோ சரக்கு வண்டியுடையது. கதவு இரண்டும் இரண்டு காருடையது. மெக்கானிக்கின் குறிப்பில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

"வண்டியோட மதிப்பு நாற்பதாயிரம். டயர் புதுசா இருக்கிறதால ஒரு ஆயிரம் சேர்த்திருக்கேன்."

"நாலு..." என்று டாக்டர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்னங்க நாலு?" என்று திரும்பினாள் மனைவி.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நாலு டயருமே புதுசுதான்னு சொன்னேன்."

அவள் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் டாக்டர் போட்டார். அவள் உள்ளே போய் அண்ணனோடு போனில் பேசுவது வாசல் வரைக்கும் கேட்டது: "ஆயிரம் ரூபா லாபத்துலதான் வாங்கியிருக்கார்ணா. இவரை ஒருத்தன் ஏமாத்த முடியுமா?"

டாக்டர் கேட் வரைக்கும் போய், எங்காவது கணக்குத் தப்பியிருக்குமோ, சங்கத்தில் இந்த மாதிரிக் கார்களுக்கெல்லாம் வேறு விலை சொல்கிறார்களே என்று மெல்லிய குரலில் கேட்டார்.

மதிப்பீட்டாளர் காந்தத்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க சங்கத்துல இது ஆறாவது கார் டாக்டர். ஆறு வீட்டுலயும் வீட்டம்மா சொன்ன விலைதான் சரியா இருந்துச்சு."