பெயர்ச்சொல்லுக்கு ஏழு கோட்டிங்

நாற்காலியை நாற்காலி என்று சொல்லிவிட்டு அதில் உட்காருகிறவர்கள் ஒரு வகை. அதன் குணம், உருவம், வயது, வடிவம், நிறம், பிறந்த மரம், பிறவிப் பயன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வரிசை பிசகாமல் ஒப்பித்துவிட்டுக் கடைசியில் ‘சேர்’ என்கிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். இந்த இரண்டாம் வகைக்கு அடைமொழியார் என்று பெயர். பார்த்ததில்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

நமக்கு வாய்த்த அடைமொழியார் ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். பட்டறை அவர் மனைவியுடையது. அளவெடுப்பது, அறுப்பது, ஆளை ஏவுவது எல்லாம் அந்த அம்மாள். சாமான்களைப் பூட்டிப் பெட்டி கட்டுவது அம்மாளின் தம்பி. பாலிஷ் விஷயத்தில் மட்டும் அடைமொழியாரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், ஒரு கோட்டிங் கொடுப்பார், காயவிடுவார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், திருப்தி இல்லாமல் உச்சுக்கொட்டுவார், மறுபடி தேய்ப்பார், மறுபடி கொடுப்பார். ஏழாவது கோட்டிங்கில் அந்தப் பலகையில் உங்கள் முகம் பளிச்சென்று தெரியும். பலகைதான் தெரியாது.

ஆங்கிலத்தையும் அவர் அப்படித்தான் பிடித்தார். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. ஆனால் வார்னிஷ் காயும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை மற்றவர்கள் பீடிக்கும் பேச்சுக்கும் விட்டார்கள். இவர் அட்டை போன ஓர் இலக்கணப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ பாடங்கள் வந்தன, போயின. வினைச்சொல்லோடு அவருக்குப் பெரிய ஒட்டுறவு ஏற்படவில்லை. பெயர்ச்சொல்லை அலங்கரிக்கிற பாடத்தில் வந்து விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

அப்படி என்ன அதில்? ஓர் அரசன் சபைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘எ’ என்றோ ‘தி’ என்றோ ஒரு கட்டியக்காரன். அவனுக்குப் பின்னால் பரிவாரம். அதிலும் இஷ்டப்படி முண்டியடித்து வர முடியாது: பொருளைப் பற்றிய நம் அபிப்பிராயம் முதலில், பிறகு அளவு, பிறகு வயது, பிறகு வடிவம், நிறம், எதனால் செய்தது, எதற்காகச் செய்தது. இத்தனை பேரும் வந்து கைகட்டி நின்ற பிறகுதான் அரசனாகிய பெயர்ச்சொல் எழுந்தருளுவார். அவருக்குப் பின்னாலும் ‘வித்’ என்றும் ‘விச்’ என்றும் அங்கி தரையில் புரண்டுகொண்டே வரும். பாலிஷ்காரருக்கு வேறென்ன வேண்டும்? எண்ணிப் பார்த்தார். சரியாக ஏழு கோட்டிங்!

தமிழிலும் அடைமொழி முன்னால்தான் வருகிறது என்பீர்கள். வருகிறது. ஆனால் நமக்கு இரண்டு தாண்டினால் மூச்சு வாங்கும், விட்டுவிடுவோம். அவருக்கு வாங்குவதில்லை.

ஹார்டுவேர் கடையில் போய் நின்று ஒரு பிரஷ்ஷை முழு ஆங்கிலப் பரிவாரத்தோடு கேட்பார். கடைக்காரர் கல்லாவில் கன்னத்தை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். அதற்குள் ஒருவர் ஆணி வாங்கிக்கொண்டு போயிருப்பார், ஒருவர் பூட்டு வாங்கியிருப்பார்.

“சார், கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் முதல்ல சொல்லிடுங்க. மீதிய நான் எடுத்து வைக்கிறப்ப சொல்லுங்க.”

“அது இலக்கணம் இல்லப்பா.”

“வியாபாரம் சார்!”

வீட்டில்? கறுப்பு நிறத்தில் ஒரு குடை தொலைந்தால் அதைத் தேடுவதற்கு முன் அதை வர்ணிக்க வேண்டும். அம்மாள் அதற்குள் நனைந்துகொண்டே போய்விட்டு வந்திருப்பாள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பட்டறைக்கு ஒரு பெரிய கடையிலிருந்து ஆர்டர் வந்தது. மடக்கு நாற்காலி, மடக்கு ஸ்டூல், மடக்கு மேசை. எல்லாம் மடக்கி, ஒரே அளவு அட்டைப்பெட்டியில் கட்டி, கப்பலில் போகவேண்டியவை. அம்மாள் தெருவில் வந்துகொண்டிருந்த கதவு, ஜன்னல் ரிப்பேர் வேலைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு இதையே நம்பி இறங்கினாள். அந்தப் பெரிய கடையின் ஆள் வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போனான்: “பெட்டி மேல உள்ள என்ன இருக்குன்னு இங்கிலீஷ்ல ஸ்டிக்கர் ஒட்டணும். ஒரு பெட்டி மாறினாலும் இதுதாங்க நமக்குள்ள முதலும் கடைசியும்.”

இங்கிலீஷா? எல்லோரும் அடைமொழியாரைப் பார்த்தார்கள். அடைமொழியார் முகத்தை மட்டும் நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். ஏழு கோட்டிங் பாலிஷ்.

கணினிக் கடையில் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு வரியையும் சாய்த்துப் பார்த்து, உச்சுக்கொட்டி, திருத்தி எழுதினார். ‘எ லவ்லி ஸ்மால் நியூ ஸ்கொயர் பிரவுன் உட்டன் ஃபோல்டிங் சேர்.’ அப்படியே ஸ்டூலுக்கும், மேசைக்கும். ஒரே மரம், ஒரே நிறம், ஒரே நாளில் செய்தவை. பரிவாரம் மாறவில்லை, அரசன் மட்டும் மாறினான். திரையில் வரி நீளமாக, கம்பீரமாக ஓடியது. ஸ்டிக்கர் அடிக்கிற மெஷினுக்கு இந்தக் கம்பீரம் தெரியாது. தாளின் ஓரம் வந்தால் அது நிற்கும். யாரையும் கேட்காது.

மைத்துனன் ஸ்டிக்கர்களைச் சாமான்வாரியாகப் பிரித்து வாங்கி, மூடிய பெட்டிகளில் ஒட்டிக்கொண்டே வந்தான். அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். பாதியில் நின்றான்.

“அத்தான், நாற்காலிக்கும் ஸ்டூலுக்கும் ஒரே மாதிரில்ல இருக்கு?”

அடைமொழியார் ஓரத்தைப் பார்க்கவில்லை. பரிவாரத்தைத்தான் பார்த்தார். லவ்லி இருக்கிறது, ஸ்மால் இருக்கிறது, வரிசை பிசகவில்லை.

“நல்ல பாலிஷ் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் மாப்ள. நீ ஒட்டு.”

ஒட்டினான். ஒட்டின பெட்டிகளைச் சுவரோரமாக, இடம் கிடைத்த வாக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். பெயர்தான் மேலே ஒட்டியிருக்கிறதே, கலந்தால் என்ன?

லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கி, பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“ஏம்மா, ஸ்டூல் லேசு, மேல ஏத்தணும். மேசை அடியில போகணும். இதுல எது எது?”

“மேல எழுதியிருக்கே, பாருங்க.”

“என்னமோ அழகுன்னு எழுதியிருக்கு. சின்னது, புதுசு, சதுரம், மரம், மடக்கலாம்... அதோட நின்னுபோச்சு. எல்லாத்துலயும் அதேதான். மடக்கலாம் சரி, எதை மடக்கலாம்?”

அம்மாள் ஒரு பெட்டியிடம் போனாள். அடுத்ததற்குப் போனாள். அதற்கடுத்ததற்கும். அடைமொழியாரும் பின்னாலேயே போனார். ஒவ்வொரு பெட்டியிலும் கட்டியக்காரன் இருந்தான், பரிவாரம் முழுசாக இருந்தது, ‘ஃபோல்டிங்’ என்று கடைசி ஆள் ஓரத்தில் தொத்திக்கொண்டு நின்றான். அரசனைக் காணோம். பட்டறை முழுக்கச் சபை கூடியிருக்கிறது, சிம்மாசனம் மட்டும் காலி.

“என்னங்க இது?” என்றாள்.

விளக்க வாயெடுத்தார். அவள் கண்ணைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எந்த அடைமொழியும் இல்லாமல் ஒரு சொல் வந்தது.

“தப்பு.”

அம்மாள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டுவதற்கு நேரம் இல்லை. “பிரிங்க எல்லாத்தையும்” என்றாள். அவள் டேப்பைக் கிழித்துப் பெட்டியைத் திறக்க, இவர் உள்ளே பார்த்துப் பெயரைச் சொல்ல, தம்பி அதைத் தடித்த பேனாவால் ஆங்கிலத்தில் எழுதி மறுபடி ஒட்ட வேண்டும். லாரிக்காரர் வண்டியை அணைக்கவில்லை. அது உறுமிக்கொண்டே நின்றது.

முதல் பெட்டி திறந்தது.

“எ லவ்...”

“என்னங்க!”

“சேர்!”

தம்பி எழுதினான். அடைமொழியாருக்கு உடம்பு கூசியது. பெற்ற பிள்ளையைச் சட்டை போடாமல் சபைக்கு அனுப்புவதுபோல் இருந்தது. அடுத்த பெட்டி. “ஸ்டூல்!” அடுத்தது. “டேபிள்!” நெற்றி வியர்த்தது. “சேர்! சேர்! டேபிள்!” நடுவில் ஒரு தடவை நாக்கு நழுவி “ஸ்மால்” என்றுவிட்டார். தம்பி பேனாவைத் தூக்கிக்கொண்டு, “அது என்ன சாமான் அத்தான்?” என்று கேட்டான். ஓட்டுநர் லாரியில் சாய்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் பாருங்கள், பாதிக்கு மேல் வேலை சூடு பிடித்தது. அவர் சொல்லச் சொல்லப் பெட்டி நகர்ந்தது. ஒரு சொல் சொன்னால் ஒரு பெட்டி நகர்கிற அதிசயத்தை அவர் அதுவரை கண்டதில்லை.

லாரி போனது. அம்மாள் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு மரத்தூளிலேயே உட்கார்ந்தாள். அன்று சாப்பிட்டாளா என்று தெரியவில்லை. மறுநாளும் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மறுநாள் கைப்பேசி டிங் என்றது. அவள் பார்த்தாள், மூச்சை விட்டாள், சிரித்தாள்.

“என்ன எழுதியிருக்கான்?” என்று பிரஷ்ஷோடு ஓடிவந்தார் அடைமொழியார்.

“ஓகேன்னு.”

“வெறும் ஓகேவா? முன்னால ஒண்ணும் இல்லியா? எப்படிப்பட்ட ஓகே?”

“வந்த ஓகே. அடுத்த ஆர்டரும் கூடவே வந்திருக்கு. போய் உப்புத்தாள் எடுங்க.”

போனார். எந்த நம்பர் உப்புத்தாள், என்ன நிறம், பழசா புதுசா என்று வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு போனார் என்று மைத்துனன் சொல்கிறான். மைத்துனன் பேச்சை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புங்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று ஒருவரிடம் கைமாற்றாகக் குடை கேட்கப்போய், வானிலையில் ஆரம்பித்து, அவர் உடம்பை விசாரித்து, பழைய நட்பைப் புகழ்ந்து, குடை என்ற சொல் வருவதற்குள் மழை விட்டுப்போய்த் திரும்பி வந்தீர்களே, அது யார்? இன்னும் தெரியவில்லையா? அழகான, அளவான, அப்படியொன்றும் வயதாகாத, நிறைய படித்த, கையில் இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இந்த வாக்கியம் எப்போது முடியும் என்று காத்திருக்கிற