லெப்ட் அவுட் பகவதியப்பன்

“திருவனந்தபுரத்துக்காரனை எடுக்கணுமா வேண்டாமான்னு இன்னைக்கே ஒரு முடிவு தெரியணும்,” என்றார் வைத்தியர் நாராயணபெருமாள். “நாம எடுக்கல்லேன்னா குலசேகரத்துக்காரனுவ எடுத்திருவானுவ. கோலப்பன் சந்தையில வச்சே சொல்லியிருக்கான்.”

கஷாய வாடைக்கு நடுவே, திருவட்டாறு இளஞ்சூரியன் பந்துக் கழகத்தின் கமிட்டி வைத்தியசாலையில் கூடியிருந்தது. கழகத்துக்கு வைத்தியர்தான் செயலாளர். கோலப்பன் குலசேகரத்து டீமின் செயலாளர், தேங்காய் வியாபாரி. போன ஓணத்துக் கோப்பையும் அதற்கு முந்தின ஓணத்துக் கோப்பையும் அவன் கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருந்தன. திருவட்டாற்றிலிருந்து தேங்காய் வாங்கப் போகிறவர்கள் கண்ணில் படும்படியாகவே வைத்திருந்தான்.

திருவனந்தபுரத்துக்காரன் என்று வைத்தியர் சொன்னது ஞானதாசனை. அங்கே ஒரு பெரிய டீமில் லெப்ட் அவுட்டாக ஆடியவன். அதாவது மைதானத்தின் இடது ஓரத்துக் கோட்டையொட்டி ஓடி, எதிராளிகளை ஏமாற்றி, பந்தைக் கோலுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. ஓணம் முடியும்வரை இங்கே ஆட அவன் கேட்ட சம்பளத்தைத் தாலுகா கச்சேரி குமஸ்தா கேள்விப்பட்டால் வேலையை விட்டுவிட்டுப் பந்து உதைக்க வந்துவிடுவார்.

அந்த இடது ஓரத்தில் பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தவன் பகவதியப்பன். ஏத்தங்குலை என்கிற நேந்திர வாழைத்தார் வியாபாரி. ஊரில் யாரும் அவனைப் பேர் சொல்லி அழைப்பதில்லை. ‘லெப்ட் அவுட்டு கடையில ரெண்டு சீப்பு பழம் வாங்கிட்டு வா’ என்றுதான் சொல்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் தரகரும் ‘பையன் லெப்ட் அவுட்டாக்கும்’ என்றுதான் சொன்னார். பெண் வீட்டார் அது ஏதோ சர்க்கார் உத்தியோகம் என்று நினைத்துச் சம்மதித்தார்கள். பிறகு விவரம் தெரிந்தபோது முத்துக்கனிக்குக் கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

“அவன் வந்தா நான் எங்க நிக்கது?” என்று கேட்கத்தான் பகவதியப்பனுக்கு ஆசை. அப்படிக் கேட்டால் பொறாமை என்பார்கள். அதனால் வேறு வழியில் போனான்.

“சம்பளம் கெடக்கட்டும். அவன் எங்க தங்குவான்? யாரு சோறு போடுவா? பட்டணத்துல இருந்தவனாக்கும். மூணு நேரமும் மீன் இல்லாம தொண்டையில எறங்காது.”

கமிட்டிக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். பகவதியப்பனுக்குத் தெம்பு வந்தது.

“சொல்லுங்க. யாரு வீட்டுல எடம் இருக்கு?”

“உனக்க வீட்டுல, குலை பழுக்க வைக்கிற முறி இருக்கே,” என்றார் வைத்தியர்.

“அது முழுக்கப் புகையாக்கும்.”

“ஒரு மாசத்துக்குக் குலையைக் கடையில வச்சுப் பழுக்க வையி. மீன்கறின்னு சொன்னியே, உனக்க வீட்டுக்காரி கறியை மிஞ்ச இந்த ஊருல ஆளு உண்டா?”

எல்லாரும் பகவதியப்பன் முகத்தைப் பார்த்தார்கள். உண்டு என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் அது முத்துக்கனியின் காதுக்குப் போய்விடும்.

“இல்ல,” என்றான்.

“அப்போ முடிஞ்சுது,” என்றார் வைத்தியர்.

பெரிய மல்லன் ஒருவனை எதிர்பார்த்திருந்தான் பகவதியப்பன். பஸ்ஸைவிட்டு இறங்கிய ஞானதாசன் மெலிந்து, கறுத்து, ஒரு துணிப்பையோடு நின்றான். “அண்ணே, உங்களைப் பத்தி வைத்தியர் நெறய சொன்னாரு,” என்று கையைப் பிடித்துக்கொண்டான். பெருமை தெரிந்த மனுஷனாக இருக்கிறானே என்று ஒரு நிமிஷம் பகவதியப்பனுக்கே தோன்றிவிட்டது. மறுநாள் காலை மைதானத்தில் அவன் ஓடியதைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. கோட்டின் மேலேயே ஓடினான். பந்து காலோடு கட்டிவிட்டதுபோல் கூடவே போனது. தடுக்க வந்த மூன்று பேரும் அவன் போனபிறகு ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள்.

வைத்தியர் கைதட்டினார். பத்து வருஷத்தில் பகவதியப்பனுக்கு அவர் கைதட்டியதில்லை. சுளுக்குக்குத் தைலம் தந்திருக்கிறார், அதற்கும் காசு வாங்கிக்கொண்டு.

வயிறு பெருத்தால் கால் தானாக நிற்கும் என்று வீட்டுக்குப் போகிற வழியில் பகவதியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது.

“ஏட்டி, காலத்த புட்டும் ஏத்தம்பழமும் வை. மத்தியானம் சோறும் மீன்கறியும். சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு அவிச்சு, சாளை மீன்கறி. ராத்திரி பாயசம்.”

முத்துக்கனி அவனை உற்றுப் பார்த்தாள். அவளுடைய தம்பி வந்திருந்தபோது, இரண்டாவது துண்டு மீனுக்குக் கணக்குப் பார்த்த மனுஷன் இவன்.

“யாருக்கு இதெல்லாம்?”

“வந்த ஆளுக்கு. நம்ம ஊருக்கு ஒரு கொறச்சல் வரப்பிடாது பாரு.”

“கொள்ளாம், நல்ல காரியம்,” என்றாள் அவள்.

ஞானதாசன் கூச்சப்பட்டுக் கொஞ்சமாகச் சாப்பிட்டான். ஊட்டிவிடவா முடியும்? பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டால் அவனுக்குக் கூச்சம் போகும் என்று பகவதியப்பன் நினைத்தான். “நான் வச்சுக்கிடுதேன், நீயும் வச்சுக்கோ மக்கா,” என்று ஒவ்வொரு தடவையும் முதலில் தன் தட்டில் போட்டுக்கொண்டான். கூச்சம் போயிற்று. இரண்டு பேரும் புட்டுக்குழல் புட்டுக்குழலாகத் தீர்த்தார்கள்.

ஞானதாசன் தின்றதெல்லாம் அவன் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் போய்ச் சேர்ந்தது. பகவதியப்பன் தின்றது வேறெங்கும் போகாமல் வயிற்றிலேயே தங்கியது.

“பாத்தியளா,” என்றாள் முத்துக்கனி ஒருநாள், “தின்ன தட்டை அவரே கழுவி வச்சிருக்காரு.”

“அவன் கழுவாட்டி நீ கழுவமாட்டியா?”

“கழுவுவேன். கல்யாணம் ஆன நாளுலேருந்து கழுவிட்டுத்தானே இருக்கேன்.”

அன்றிரவு பாயசம் பகவதியப்பனுக்குக் கசந்தது. இருந்தாலும் இரண்டு டம்ளர் குடித்தான்.

சாப்பாடு பலிக்கவில்லை என்றதும், ஆளை வேலை வாங்கிக் களைக்கவைப்பது என்று முடிவு செய்தான். “மக்கா, வண்டிக்காரனுக்குச் சொகமில்ல. மார்த்தாண்டம் சந்தைக்குக் குலை போகணும். எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. என்ன செய்யதுன்னு தெரியல்ல,” என்று பெருமூச்சு விட்டான்.

“இதுக்கா வெசனப்படுதீங்க?” என்று ஞானதாசன் பெரிய குலையாகப் பார்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டான். ஒருநாள் என்பது தினமும் ஆயிற்று. சுமை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறுங்கையோடு ஓடியே வந்தான்.

“நல்ல பிராக்டீஸ் அண்ணே,” என்றான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “மேடும் பள்ளமுமா இருக்கு. இப்போ மூச்சே வாங்கல்ல.”

பகவதியப்பனுக்கு உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கியது.

சந்தையில் ஞானதாசனுக்குப் பேரும் கிடைத்துவிட்டது. ஒருநாள் காலையில் ஒரு அம்மாள் வீட்டு முற்றத்துக்கு வந்தாள்.

“லெப்ட் அவுட்டு வீடு இதுதானே?”

“ஆமா, நான்தான். என்ன வேணும்?”

“நீரு இல்ல ஓய். அந்த மெலிஞ்ச ஆளு. அவரு கொண்டுவார குலைதான் எனக்கு வேணும்.”

வீட்டுக்குள்ளே முத்துக்கனி சிரிப்பது பகவதியப்பனுக்குக் கேட்டது. சம்பளமோ மீனோ வைத்தியரின் கைதட்டலோ அப்போது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பத்து வருஷமாக ஓடி ஓடிச் சம்பாதித்த பேரை ஒருவன் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டானே என்பதுதான் நெஞ்சில் எரிந்தது.

அதே வாரத்தில் வைத்தியர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

“நீ இனி லெப்ட் ஹாஃப் நில்லு. பின்னால நின்னு பந்தைப் பிடிச்சு ஞானதாசனுக்குக் கொடு. அவன் ஓடட்டும். உனக்க அனுபவத்துக்கு அதாக்கும் சரி.”

அனுபவம் என்ற சொல்லை அதுவரை வயதானவர்களுக்குச் சொல்லித்தான் பகவதியப்பன் கேட்டிருக்கிறான்.

“கொடுக்கேன்,” என்றான். கொடுக்கக் கூடாது என்று அந்த நொடியிலேயே முடிவு செய்துவிட்டான்.

ஓணத்தன்று மத்தியானம் ஆற்றோரத்து மைதானத்தில் இரண்டு ஊரும் கூடியிருந்தன. வேலி ஓரமாகப் பெண்கள் ஓணப்புடவையோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் முத்துக்கனி. எதிர்ப்பக்கத்தில் கோலப்பன் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பந்து பகவதியப்பனிடம் வந்தது. முன்னால் ஞானதாசன் யாருமில்லாத இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். “அண்ணே.”

பகவதியப்பன் வலது பக்கம் திரும்பி உதைத்தான். பந்து வெளியே போயிற்று.

அடுத்த தடவையும் ஞானதாசன் கையைத் தூக்கினான். பகவதியப்பன் பந்தைத் தன் கோல்கீப்பர் குமாரதாஸுக்கே திருப்பி அனுப்பினான். குமாரதாஸ் இதை எதிர்பார்க்கவில்லை. பாய்ந்து விழுந்து பிடித்தார்.

“ஏலே பகவதி, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லியா?” என்றார் மண்ணைத் தட்டிக்கொண்டு.

“காத்து அடிக்குது,” என்றான் பகவதியப்பன்.

இடைவேளையில் வைத்தியர் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். “பித்தம் ஏறியிருக்கு,” என்றார். தனக்குக் கிடைத்த எலுமிச்சைத் தண்ணீரை ஞானதாசன் பகவதியப்பனுக்கு நீட்டினான். “நீங்க குடியுங்க அண்ணே. உங்களுக்குத்தான் கூடுதல் ஓட்டம்.” பகவதியப்பன் வாங்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகும் அதே கதைதான். பத்துப் பேர் ஒரு பக்கமும் பந்து இன்னொரு பக்கமுமாக இளஞ்சூரியன் ஆடியது. ஆனாலும் குலசேகரத்தால் கோல் போட முடியவில்லை. குமாரதாஸ் ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், யாரும் கொடுக்காமலே ஞானதாசன் தானாகப் பந்தைப் பறித்தான். கோட்டையொட்டி ஓடினான். ஒருவனைக் கடந்தான், இன்னொருவனைக் கடந்தான். கோல்கீப்பரும் முன்னால் ஓடிவந்து வழுக்கி விழுந்தான். எதிரே வெறும் கோல்.

பின்னால் ஓடிவந்துகொண்டிருந்த பகவதியப்பன் வேலியைப் பார்த்தான். முத்துக்கனி எழுந்து நின்றிருந்தாள். இவ்வளவு வருஷத்தில் அவன் ஆடியபோது அவள் ஒருதடவைகூட எழுந்து நின்றதில்லை. முறுக்குத்தான் தின்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவன் யோசித்ததாகச் சொல்ல முடியாது. புட்டும் பாயசமும் சேர்ந்த முழுப் பாரத்தோடும் பாய்ந்து, சறுக்கி, தன் சொந்த டீம்காரனின் காலிலிருந்து பந்தைத் தட்டிவிட்டான். பத்து வருஷத்தில் அவன் செய்த ஆகச் சுத்தமான தட்டு அதுதான். பந்து நேராகக் குலசேகரத்துக்காரன் ஒருவனிடம் போய் நின்றது. அவன் அதை நம்ப முடியாமல் ஒரு கணம் பார்த்துவிட்டு நீளமாக உதைத்தான். இந்தப் பக்கம் குமாரதாஸைத் தவிர யாருமே இல்லை. குமாரதாஸ் பாய்ந்தார். பந்து அவரைத் தாண்டி உள்ளே போயிற்று.

நடுவர் விசில் ஊதினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு விசிலும் ஊதினார். ஆட்டம் முடிந்தது.

பகவதியப்பனைத் தூக்கிவிட்டது ஞானதாசன்தான்.

“கால்ல அடி பட்டுதா அண்ணே? தப்பு எனக்கதுதான். என்னை எதிராளின்னு நெனச்சிருப்பிய. நான் சத்தம் போட்டிருக்கணும்.”

அவன் ஏசியிருந்தால் பகவதியப்பனுக்கு நன்றாக இருந்திருக்கும். ஞானதாசன் சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். வைத்தியர் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார். முத்துக்கனி வேலியோரம் வந்து, “வீட்டுக்கு வாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். ஒரு மாதமாக அவள் பேசியதிலேயே அதுதான் மிருதுவான பேச்சு. அதனால்தான் அவள் பின்னால் போக அவனுக்கு முடியவில்லை. காலியான மைதானத்தில், தனக்குப் பழக்கமான இடது ஓரத்துக் கோட்டின்மேல் உட்கார்ந்தான்.

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கோலப்பன். கையில் இரண்டு சோடா.

“குடியும்,” என்றான்.

“உமக்கென்ன,” என்றான் பகவதியப்பன். “கோப்பை கிடைச்சாச்சு. கடையில வச்சுப் பாத்துட்டு இருப்பீரு. எனக்கு இனி இந்த ஊருல தலை நிமிந்து நடக்க முடியாது.”

“அப்படிச் சொல்லப்பிடாது.”

“எல்லாம் உம்மாலதான். அந்த ஞானதாசனை எடுக்கப்போறேன்னு சந்தையில வச்சுச் சொன்னீரே. அப்படியே எடுத்திருந்தா அவன் உங்க ஊருக்கு வந்திருப்பான், நான் எனக்க எடத்துல ஓடியிருப்பேன். பின்னே ஏன் விட்டீரு? வெலை கூடிப்போச்சா?”

“நாங்க வெலையே கேக்கல்லியே,” என்றான் கோலப்பன். “எடுக்கப்போறோம்னு உங்க வைத்தியர் காதுல விழுற மாதிரி சொன்னோம். அவ்வளவுதான்.”

பகவதியப்பன் சோடாவை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான்.

“அப்போ உங்களுக்கு அவன் வேண்டாமா?”

கோலப்பன் அவன் தோளில் அன்பாகக் கைபோட்டான்.

“எங்களுக்கு எதுக்கு ஓய் அவன்? எங்களுக்குத்தான் நீரு இருக்கீரே.”