ஓடுவதற்கு வேண்டிய இரசாயனவியல்

ஓடுவதற்குக் காலிருந்தால் போதும் என்று உலகமே அறியாமையில் கிடந்த 1993ஆம் ஆண்டில், அதற்கு இரசாயனவியலும் அவசியம் என்று கண்டுபிடித்தது கிழக்கு லண்டனில் உள்ள எங்கள் இலங்கைத் தமிழர் சங்கம்தான். செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

கண்டுபிடிப்புக்குக் காரணம் நிர்மலா, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் தில்லையம்பலத்தின் மகள். இருநூறு மீற்றரில் அவளைப் பிடிக்க ஆளில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஓட்டத்துக்காகவே அவளை இலவசமாகப் படிப்பிக்க யோசித்தது. பரீட்சையில் 'சி' போதுமாம். அது அவளிடம் இருந்தது. மிச்சத்தை அவர்களுடைய பயிற்சியாளர் எங்கள் விளையாட்டு விழாவில் பார்த்து முடிவு செய்துவிட்டு, அன்று பின்னேரமே விமானம் ஏறுவார்.

எங்கள் தலைவர் குலசேகரம் அண்ணைக்கு அந்த 'சி' பொறுக்கவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினார்.

“சியோடை பிள்ளையளைச் சேர்க்கிறதும் ஒரு யூனிவேர்சிற்றியோ? அவங்களுக்கு மானமில்லாட்டி எங்களுக்குமோ?”

இரசாயனவியல் உட்பட மூன்று பாடங்களில் 'ஏ' எடுக்காத பிள்ளை ஓடுபாதையில் கால் வைக்கக்கூடாது என்ற 'அறிவுத் தகுதி விதி', ரோல்ஸ் பலகாரத் தட்டு வருமுன்பே ஏகமனதாக நிறைவேறியது. தில்லையம்பலமும் கை தூக்கினார். தூக்காவிட்டால் மகளின் மார்க்ஸ் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு.

விழா பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரின் மைதானத்தில் நடந்தது. இருநூறு மீற்றருக்குத் தகுதி பெற்றவள் ஒருத்திதான், தலைவரின் மகள் சிவகௌரி. பாதித் தூரத்தில் அவள் நின்று, இது சோதனைக்கு வருமா என்று நடுவரிடம் விசாரித்தாள். வராது என்று தெரிந்ததும் மிச்சத்தை நடந்தே முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றாள். போட்டி கடுமையாக இருந்ததாகத் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

நிர்மலா ஓட்டச் சப்பாத்தோடு கயிற்றுக்கு வெளியே நின்றாள். அவளை ஒரேயொரு தரம் ஓட விடும்படி அமெரிக்கர் கெஞ்சினார்.

“ஏலாது. ஒருத்தியை விட்டா, நாளைக்கு எல்லாப் பிள்ளையளும் ஓட வெளிக்கிடுங்கள்,” என்றார் அண்ணை.

நான் அதை மரியாதையான ஆங்கிலத்தில் சொன்னேன். அமெரிக்கர் நிறுத்தற் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு டாக்சி ஏறினார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆனாலும் சமூகத்தின் மானம் காப்பாற்றப்பட்டது.

டாக்சி போனதும் நிர்மலா எங்கள் மேசைக்கு வந்தாள். அழவில்லை.

“அங்கிள், ஊரிலை ஆமி வரேக்கை நீங்கள் எல்லாரும் ஓடினனீங்கள்தானே. அப்ப ஆர் மார்க்ஸ் பாத்தது?”

'நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி' என்று நான் குறித்துக்கொண்டேன். இருந்தாலும் விதி சரியாக நடைமுறையாகிறதா என்று பார்ப்பது செயலாளரின் கடமை அல்லவா? மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்தேன். தலைவர் கணிதத்தில் இரண்டு தரம் பெயில். பொருளாளர் சோதனைக்கே போகாதவர். எனக்கு இரசாயனவியலில் நூற்றுக்குப் பதினெட்டு.

எங்கள் விதி அன்றைக்கே ஊரில் இருந்திருந்தால், அதை நிறைவேற்றக் கை தூக்க எங்களில் ஒருவரும் உயிரோடு இருந்திருக்க மாட்டோம்.