உட்கார இடமில்லை

"ஆட்சேபம் சொல்ல வந்தவங்க மட்டும் இருங்க. மத்தவங்க கிளம்பலாம்" என்றார் அதிகாரி.

அந்த அறையில் இருந்ததே மூன்று பேர்தான். பல் டாக்டர், அவருடைய மனைவி, பின்வரிசையில் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்த ஒருவர். அந்த மூன்றாமவர் எழுந்தார்.

"நான் மழைக்கு ஒதுங்கினேன் சார்" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஊருக்கு நடுவே பாழாய்க் கிடக்கும் மைதானத்தில் பிரம்மாண்டமான விளையாட்டு அரங்கம் கட்டப்போகிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம். மைதானத்தை ஒட்டிய தெரு முழுவதும் வரைபடத்தில் நுழைவாயிலாகிவிட்டது. டாக்டரின் வீடு, சரியாக டிக்கெட் கவுண்டர் வரும் இடத்தில் இருந்தது. கீழே கிளினிக், மேலே வீடு.

"ஊர்ல அத்தனை பேர் இருக்காங்க, வந்தது ரெண்டு பேர். வராதவங்க எல்லாம் சம்மதிச்சதா எழுதிக்கறேன். மௌனம் சம்மதம்" என்றார் அதிகாரி.

"இந்த மழையில யார் வருவாங்க? அப்படியே மழையும் சம்மதிச்சுதுன்னு எழுதிக்குங்க" என்றாள் டாக்டரின் மனைவி.

அவள் அதை அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை. அதிகாரிக்குப் பக்கத்தில் நின்ற பீரோவைப் பார்த்துக் கோபமாகச் சொன்னாள். அதிகாரி பீரோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

நாலைந்து வருஷமாகவே அவளுடைய பார்வை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. இப்போது வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். ஆனால் வீட்டுக்குள் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆடுகிற மாடிப்படிக் கைப்பிடி, குளியலறைக்கு முன்னால் விரிசல் விட்ட தரைக்கல், கீழேயிருந்து ஏறிவரும் கிராம்பு எண்ணெய் வாசனை, இவை போதும். அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்பே போய் அணைத்துவிடுவாள். "இந்த வீட்டுல எனக்குக் கண்ணு தெரியுதுங்க. வேற வீட்டுக்குப் போனாதான் குருடி ஆவேன்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அன்று டாக்டருக்குத் தூக்கம் போனதுதான், திரும்பி வரவேயில்லை.

"சரி, இன்னொரு தேதி தர்றேன்" என்றார் அதிகாரி. "ஆனா ஆளோட வாங்க. ஆளில்லாத ஆட்சேபம் செல்லாது."

வாசலில் பியூன் கன்னத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு பக்கம் பந்து மாதிரி வீங்கியிருந்தது.

"கடைவாய்ப் பல்லா? எடுத்துடணும். நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க" என்றார் டாக்டர்.

"அடுத்த வாரம் வர்றேன் டாக்டர்" என்றார் பியூன். அந்த ஆபீஸில் பல்லைக்கூட ஒத்திவைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

டாக்டர் மறுநாளே பிரசாரத்தைத் தொடங்கினார். அவருக்கு மற்றத் தலைவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருந்தது. அவர் பேசும்போது எதிராளியின் வாய் திறந்தே இருக்கும், ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது.

"நம்ம தெருவையே இடிக்கப் போறாங்க. நீங்க வந்து எதிர்க்கணும். வருவீங்கல்ல?"

"ஆ… ஆ…"

"ரொம்ப சந்தோஷம்."

வாயைக் கொப்பளித்துத் துப்பியதும்தான் சுயரூபம் தெரியும். "அட போங்க டாக்டர்! அவங்களாவது கட்டறதாவது! மூணு தடவை அடிக்கல் நாட்டியாச்சு. முதல் கல்லுல ஆடு கட்டறாங்க. ரெண்டாவது கல்லுல சைக்கிள் கடைக்காரர் டியூப் காயப்போடறார். மூணாவது கல்லையே காணோம். இதுக்குப் போய் வேலையை விட்டுட்டு எதிர்ப்புத் தெரிவிக்கணுமா?"

வந்தவர், போனவர், எல்லோரும் இதே பாட்டு. ஊரில் ஒருவருக்கும் அரங்கம் வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. வரும் என்ற நம்பிக்கையே இல்லை.

"முதல்ல அது வரும்னு நம்பவைக்கணும் மாமா. நம்பினாதானே பயப்படுவாங்க" என்றான் மைத்துனன். மனைவியின் தம்பி. மேசை நாற்காலி வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். தொழில் நாற்காலி என்பதாலோ என்னவோ, எதற்கும் உட்கார்ந்து யோசிப்பான்.

எனவே டாக்டர் அரங்கத்தின் பெரிய வண்ணப் படம் ஒன்றைச் சம்பாதித்து, நோயாளி சாய்ந்தால் நேர் எதிரே தெரிகிற மாதிரி மாட்டினார். வெண்ணிறக் கூரை, பச்சைப் புல்தரை, அடுக்கடுக்காக இருக்கைகள். ஈறில் ஊசி போட்டு மரத்துப்போகும்வரை ஒவ்வொருவருக்கும் விளக்கினார். "நிச்சயமா வருது. வேலை சீக்கிரமே ஆரம்பிச்சுடும். ராத்திரியெல்லாம் பகல் மாதிரி விளக்கு எரியும். அம்பதாயிரம் பேர் உக்காரலாம்."

ஊர் நம்பிவிட்டது. ஆனால் பயப்படவில்லை.

"படத்துல பார்த்தா அம்சமாத்தான் இருக்கு டாக்டர்" என்றார் ஒரு பஸ் டிரைவர், சொத்தைப் பல்லை மறந்து. "நீங்க சொல்லச் சொல்ல எனக்கே ஆசை வந்துடுச்சு."

அரங்கத்தை நடத்தப்போகிறவர்கள்கூட இவ்வளவு நன்றாக விளம்பரம் செய்திருக்க மாட்டார்கள். டாக்டர் படத்தைக் கழற்றிவிட்டு, மறுபடி ஊசி போட்டு, இந்தத் தடவை இரைச்சலையும் நெரிசலையும் வாசல் வாசலாக வண்டி நிறுத்துவதையும் விவரித்தார். பாதி ஊர் வேண்டாம் என்றது, பாதி ஊர் வேண்டும் என்றது. எப்படியோ ஊருக்கு ஒரு சுரணை வந்தது.

இரண்டாவது கூட்டத்தில் அறை நிரம்பி வழிந்தது. டாக்டர் பெருமிதத்தோடு எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரி. "நிறைய பேர் நிக்கறாங்களே?"

"நாற்காலி இல்ல சார்."

"அப்போ கூட்டம் செல்லாது. விதி அப்படி. உக்காந்திருக்கறவர் பங்கேற்பாளர், நிக்கறவர் பார்வையாளர். ஒரு பார்வையாளர் இருந்தாலும் கருத்துக் கேட்க முடியாது. ஒத்திவைக்கறேன்."

"விளையாட்டுல உக்காந்திருக்கறவன்தானே சார் பார்வையாளன்?" என்றாள் டாக்டரின் மனைவி, இந்தத் தடவை சரியாக அதிகாரியின் பக்கம் திரும்பி.

"அது விளையாட்டும்மா. இது அரசாங்கம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டாக்டர் புலம்பிக்கொண்டே வந்தார். ஆள் இல்லை என்றால் செல்லாது, ஆள் இருந்தாலும் செல்லாது. மைத்துனன் மட்டும் நடுத்தெருவில் நின்றுவிட்டான். உட்காராமலே அவனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"மாமா! இடம் பத்தலைன்னா கூட்டம் செல்லாது. கூட்டம் நடக்காட்டி அரங்கம் வராது. அப்போ நாம ஜெயிக்க வேண்டியதே இல்ல. எப்பவும் இடம் பத்தாம பார்த்துக்கிட்டா போதும்!"

டாக்டர் அவனைக் கட்டிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இன்றுதான் இந்த மைத்துனனால் ஒரு பிரயோஜனம் என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றாவது கூட்டத்தைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். நாற்காலிகள் அத்தனையும் மைத்துனன் கடையிலிருந்து போனவை. அவற்றில் பாதியைக் கால் சரியில்லாததாக அவனே பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருந்தான். டாக்டர் வேண்டும் என்பவர்களையும் விடவில்லை. "உங்களுக்கு அரங்கம் வேணும்னா நேர்ல வந்து சொல்லணும், வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று பல்லைச் சுத்தம் செய்துகொண்டே எதிர்க்கட்சிக்கும் ஆள் பிடித்தார். மண்டபம் வழிந்தது. ஜன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று விதியில் இல்லை. ஒத்திவைத்தார்கள்.

வாசலில் பியூன் மப்ளரோடு நின்றிருந்தார். வீக்கம் இப்போது கண்வரை ஏறியிருந்தது.

"இன்னும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

"கடிக்கத்தான் டாக்டர் முடியல. அடுத்த வாரம் கண்டிப்பா."

நான்காவது கூட்டத்துக்கு வேறு இடமே கிடைக்காமல் அந்தப் பாழ் மைதானத்திலேயே மேடை போட்டார்கள். வானம் மூடிக்கொண்டு இருந்தது. முந்தின நாள் மழையில் தரை சேறாகி, உட்கார்ந்தவர்களோடு நாற்காலிகள் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆனால் கூட்டம்! அக்கம் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மதில் மேல், மரத்தின் மேல், மூன்றாவது அடிக்கல்லின் மேல் (அதைக் கண்டுபிடித்தவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்), எங்கும் தலைகள். வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம், வேண்டும் என்பவர்கள் எதிர்ப்பக்கம். இவர்கள் கத்தினால் அவர்கள் கைதட்டினார்கள், அவர்கள் கத்தினால் இவர்கள் ஊளையிட்டார்கள். யாரோ விசில் அடித்தார். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள் மேடையைக் காட்டினார்கள்.

டாக்டரின் கையைப் பிடித்திருந்த மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"என்னங்க, இது நம்ம ஆளுங்க சத்தம்தானா? கேட்டா ஏதோ மேட்ச் நடக்கற மாதிரி இருக்கே."

"நம்ம ஆளுங்கதான். உனக்காகத்தான் இத்தனை பேரும்."

"எனக்கு என்னவோ இது சரியாப் படல. வீட்டுக்குப் போயிடலாம்."

மேடையில் அதிகாரி எழுந்து நின்று வெகுநேரம் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது தோல்வியா மலைப்பா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பிறகு மைக்கைப் பிடித்தார்.

"இவ்வளவு பேருக்கும் உட்கார இடமில்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்த கூட்டம் பற்றி மேலிடத்தில் கேட்டு அறிவிக்கப்படும்."

மைதானமே அதிர்ந்தது. மைத்துனன் சேற்றில் புதைந்த தன் நாற்காலிகளைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் குதித்தான்.

"இனி தேதியே கிடையாது மாமா! இதைவிடப் பெரிய இடம் இந்த ஊர்லயே கிடையாது. காலத்துக்கும் மேலிடத்துல கேட்டுக்கிட்டே இருப்பாங்க!"

அன்று டாக்டர் அழுதுவிட்டார். மனைவி அவருடைய முகத்தைத் தடவிப் பார்த்து, "என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவர் விடியும்வரை தூங்கினார். காலையில் எழுந்து, ஆடுகிற கைப்பிடிக்கு ஆணி அடிக்கப் போனவர், அவளுக்கு அது ஆடினால்தான் அடையாளம் என்று ஞாபகம் வந்து சுத்தியலைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த நினைப்பே இனித்தது.

சில வாரங்கள் கழித்து, ஒரு மந்தமான காலையில் பியூன் கிளினிக் வாசலில் வந்து நின்றார். இனிமேல் ஒத்திவைக்க முகத்தில் இடமில்லை.

"டாக்டர், ஒரு சங்கதி…"

"சங்கதியெல்லாம் அப்புறம். முதல்ல உக்காருங்க. இங்க எப்பவும் இடம் உண்டு" என்று டாக்டர் சிரித்தார். "வாயைத் திறங்க."

"இல்ல டாக்டர், அந்தக் கூட்டம்…"

"நல்லாத் திறங்க."

ஊசி போட்டார். பியூன் கண்களை உருட்டினார், கையை ஆட்டினார். "ஆ… ஆங்… ஆங்கம்…"

"வலிக்காது. இதோ ஆச்சு."

"ஆங்கம்! ஆங்கம்!"

"பயப்படாதீங்க. பயந்து பயந்து தள்ளிப்போட்டா என்ன ஆகும்? உள்ளேயே வேர் பிடிக்கும். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். கடைசில துணிஞ்சு நின்னோம், பார்த்தீங்கல்ல? உங்க அதிகாரிக்கு வாயே அடைச்சுப் போச்சு!" டாக்டர் குறடைப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தார். பல் கையோடு வந்தது. நீளமான, வளைந்த, மூன்று வேருள்ள பல். அதைப் பெருமையோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பஞ்சை உருட்டி ஈறில் வைத்துக் கடிக்கச் சொன்னார்.

பியூன் கடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. அது வலியால்தான் என்று டாக்டர் நினைத்தார்.

மாடியில் அவள் நடப்பது கேட்டது. எங்கேயும் தடுமாறாத, யாருடைய கையையும் தேடாத நடை. குளியலறைக்கு முன்னால் விரிசல் விட்ட கல் 'டொக்' என்றது. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம்.

"கேட்டீங்களா? இனிமே எங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. கூட்டம் போட்டாதானே? அத்தனை பேரும் உக்கார இடத்துக்கு அவங்க எங்க போவாங்க?" என்றார் டாக்டர்.

பியூன் மெதுவாக வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, வீங்கின வாயால் சொன்னார்:

"அதைத்தான் டாக்டர் வந்ததுலேர்ந்து சொல்லப் பார்க்கறேன். உத்தரவு வந்துடுச்சு, அடுத்த கூட்டத்துல உங்க எல்லாருக்கும் உக்கார இடம் இருக்கும். புது அரங்கத்துலதான் வைக்கறாங்க, கட்டி முடிச்சதும்."