‘ஏனெண்டால்’ அண்ணையும் கழுவாத பீற்றூட்டும்

காரணம் சொல்லாமல் தும்மக்கூடத் தெரியாத ஒரு மனிதரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துத் தோட்டங்களில் மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்பும் சிறிய நிறுவனம் எங்களுடையது. மருதனார்மடத்தில் இருந்தது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுபவருக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘ஏனெண்டால்’ அண்ணை.

“எனக்குப் பிளேன்ரீ போதும். ஏனெண்டால், பால் விட்டால் நித்திரை வரும். நித்திரை வந்தால் லொறிக்காரன் கோல் எடுக்கேக்கை எரிஞ்சு விழுவன்” என்பார். தேநீர் கொண்டுவந்தவர் அதற்குள் அடுத்த மேசைக்குப் போயிருப்பார்.

கூட்டத்தில் அவர் எழுந்தாலே நாங்கள் கதிரையில் சாய்ந்துகொள்வோம். ஒருநாள் முகாமையாளர் மிஸ்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணை, முடிவை மட்டும் சொல்லுங்கோ. காரணம் உங்களோடை இருக்கட்டும்.”

அவருடைய முகம் வாடிப்போனது. “பீற்றூட்டைக் கழுவாமல் அனுப்புவம்” என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். கூட்டம் அவ்வளவு சுருக்காக முடிந்த மகிழ்ச்சியில் எல்லோரும் தலையாட்டினோம்.

மகளின் கலியாணத்துக்கு அவர் லீவில் நின்றபோது, பீற்றூட்டில் ஒரே செம்மண் என்று கொழும்புக் கடைக்காரர் ஒருவர் குறைப்பட்டார். ஏன் கழுவுவதில்லை என்று மிஸ் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பளபளவென்று கழுவி, ஈரத்தோடு அடுக்கி அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததில் பாதி அழுகல். கடைக்காரர் எங்களிடம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

அண்ணை வந்ததும் மிஸ் கூப்பிட்டுக் கேட்டார்.

“கழுவினால் ஈரம் நிக்கும் மிஸ். மூடின லொறிக்குள்ளை அது அவிஞ்சு பழுதாப்போம்.”

“அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

அண்ணை மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் மேசையைப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில், “முழுக்கச் சொல்லுங்கோ அண்ணை” என்றார் மிஸ். ஞாயிறு மத்தியானமே லொறியை அனுப்பினால் திங்கள் விடியச் சந்தையில் முந்திவிடலாம் என்று அண்ணை ஆற அமர விளக்கினார். கணக்குப் பகுதிக்குப் புதிதாக வந்த பெண் கையை உயர்த்தினாள்.

“ஞாயிற்றுக்கிழமை எங்கடை பக்கத்துத் தோட்டக்காரர் காய் ஆய மாட்டினம் அண்ணை. சனி ஆய்ஞ்சதைத்தான் ஏத்தவேணும். வாடிப்போடும்.”

எங்களுக்குத் திக்கென்றது. அண்ணை அவள் பக்கம் திரும்பினார்.

“ஓம் பிள்ளை, நான் அதை யோசிக்கேல்லை. அப்ப உந்த யோசினையை விடுவம்.”

அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தன்னை மறுப்பதற்கு எங்களுக்கு ஒரு வழி வைக்கத்தான் இவ்வளவு காலமும் அத்தனை காரணங்களையும் சொல்லிவந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

போன வருடம் அவர் ஓய்வு பெற்றார். இப்போது கூட்டங்கள் சுருக்காக முடிந்துவிடுகின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை.